நாடிழந்த பின்னும் பிரதானியாக இருந்தவருக்கு

சிவகங்கைச் சீமையின் பிரதானி, பெருமதிப்பிற்குரிய தாண்டவராய பிள்ளை அவர்களுக்கு,

காரைக்குடியில் பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான். கிரையம், தானம், பாகப்பிரிவினை என்று எது எழுதினாலும் ‘சிவகங்கை மாவட்டம், காரைக்குடி வட்டம்’ என்று எழுதித்தான் சொத்து விவரத்துக்குள் போக வேண்டும். அந்தச் சிவகங்கை என்ற பெயர் இன்றும் அங்கே இருப்பதற்காக உங்களுக்கு நன்றி சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

1772இல் உங்கள் அரசர் முத்துவடுகநாதத் தேவர் காளையார்கோவிலில் விழுந்த பிறகு, சீமையைப் பிடித்துக்கொண்ட ஆற்காட்டு நவாபின் ஆட்கள் சிவகங்கைக்கு உசேன் நகர் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எட்டு ஆண்டுகூட முழுதாக நிலைக்கவில்லை. அதற்காக அரசி வேலு நாச்சியாரையும் அவருக்குத் துணை நின்ற மருது சகோதரர்களையும் நாங்கள் கொண்டாடுகிறோம். சிலை வைத்திருக்கிறோம், பிள்ளைகளுக்குப் பெயர் சூட்டுகிறோம், குருபூசை நடத்துகிறோம். எங்கள் சிறுகூடல்பட்டிக் கவிஞர் கண்ணதாசன் 1959இல் ‘சிவகங்கைச் சீமை’ என்று சொந்தப் படமே எடுத்தார். அவர்களுக்கு எவ்வளவு செய்தாலும் தகும். ஆனால் அரசி கைம்பெண்ணாய், கையில் பெண் குழந்தையோடு, துணைக்குச் சில வீரர்களோடு காட்டு வழியே போன அந்த நாட்களில், அந்தச் சிறு கூட்டத்தை ஓர் அரசாங்கமாகக் கட்டிக் காத்தவர் நீங்கள். உங்களை நேரே பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

நீங்கள் பிரதானியாக, அதாவது மந்திரியாக, வேலை பார்த்த நாடு புத்தம் புதிய நாடு. 1730 வாக்கில் சேதுபதிகள் ஆண்ட சேது நாட்டை ஐந்து பங்காக்கி, மூன்று பங்கு ராமநாதபுரத்துக்கென்றும் இரண்டு பங்கு நாலுகோட்டைச் சசிவர்ணத் தேவருக்கென்றும் பிரித்தபோது பிறந்தது அது. காவிரி கிடையாது. வைகை ஓரமாகத் தொட்டுவிட்டுப் போகும். கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் கேப்பையும் வரகும். அக்கம்பக்கமோ சும்மா இருக்க விடாத அக்கம்பக்கம். வடக்கே புதுக்கோட்டைத் தொண்டைமான், அதற்கப்பால் தஞ்சை மராட்டியர், கிழக்கிலும் தெற்கிலும் தாய்வீடான ராமநாதபுரம், மேற்கே ஆண்டுக்கு ஆண்டு கை மாறிக்கொண்டிருந்த மதுரை. இத்தனை பேருக்கும் நடுவே வரி வாங்கி, திறை பேசி, வக்கீல்களை அனுப்பி, வந்த ஓலைக்கெல்லாம் பதில் எழுதி, சசிவர்ணர், முத்துவடுகநாதர் என்று இரண்டு அரசர்களுக்கு நீங்கள் உழைத்தீர்கள். பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இளையாற்றங்குடி என்று எங்கள் நகரத்தார் கோயில்கள் இருந்த மண்ணும் நீங்கள் கணக்குப் பார்த்த மண்தான். ஊருணியும் கோயிலும் சண்டையில் சிதையாமல் இருந்தால்தான் வணிகன் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு உப்புப் பொதியோடு வெளியே கிளம்ப முடியும். அந்த நிம்மதி எங்கள் முன்னோருக்கு ஓரளவாவது கிடைத்தது.

மதுரைக் கதையை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. சந்தா சாகிபின் படை மதுரையைச் சூறையாடிய காலத்தில் மீனாட்சியும் சொக்கநாதரும் கூடலழகரும் மானாமதுரைக்கு வந்து தங்கியிருந்தார்கள். உங்கள் சீமைக்கு வந்த விருந்தாளிகளில் அவர்களைவிடப் பெரியவர்கள் யாரும் இருக்க முடியாது. பிறகு 1750-களின் தொடக்கத்தில் மதுரைக் கோட்டை மைசூர்ப் படையிடம் போய், கோயிலுக்கும் ஊருக்கும் கேடு வந்தபோது, ராமநாதபுரத்துத் தளவாய் வெள்ளையன் சேர்வைக்காரரும் நீங்களும் சேர்ந்து படை கொண்டுபோய் அவர்களை வெளியேற்றினீர்கள். பூட்டிக் கிடந்த கோயில் திறந்தது, பூசை தொடங்கியது. நாயக்கர் வாரிசு ஒருவரைக் கொஞ்ச நாள் அரியணையிலும் அமர்த்திப் பார்த்தீர்கள். அது நிலைக்கவில்லை. இதை நான் நினைவுபடுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மைசூர்ப் படையைத் துரத்திய அதே கை, இருபது ஆண்டு கழித்து மைசூருக்கே ஓலை எழுதப் போகிறது.

1764இல் மதுரையைத் தன் கையில் வைத்திருந்த கான் சாகிபை நவாபும் ஆங்கிலேயக் கம்பெனியும் முற்றுகையிட்டபோது, மறவர் சீமைகளான ராமநாதபுரமும் சிவகங்கையும் அவர்கள் பக்கம் நின்றன. கான் சாகிபு தூக்கில் தொங்கினார், மதுரை நவாபுக்குப் போனது. அன்று அதுதான் சரியான கணக்காகத் தோன்றியிருக்கும். பக்கத்துக் கோட்டையில் எவன் வலுத்தாலும் சிறிய நாட்டுக்கு ஆபத்து என்பதால் அந்தந்த நேரத்து வலுவானவனுக்கு எதிர்ப்பக்கம் நிற்பது உங்கள் காலத்து ராஜதந்திரம். ஆனால் நவாப் முகமது அலி கம்பெனிக்காரர்களிடம் கழுத்தளவு கடன் பட்டவர். கடனை அடைக்க அவருக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு நிலம் வேண்டும். 1771இல் நவாபும் கம்பெனியும் சேர்ந்து தஞ்சை மீது பாய்ந்தார்கள். 1772 ஜூன் தொடக்கத்தில் ராமநாதபுரம் கோட்டை விழுந்தது. அங்கே அரசராக இருந்த சேதுபதி பாலகன், அவரையும் தாயையும் திருச்சிக்குச் சிறை கொண்டுபோனார்கள். அடுத்தது நீங்கள்தான் என்பதற்கு யாரும் ஓலை அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

கல்லல் வழியாகக் காளையார்கோவிலுக்குப் பஸ்ஸில் போகும்போது இன்று இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான் தெரிகிறது. உங்கள் காலத்துக் காடு அப்படி இருந்திருக்காது. 1801இல் மருது சகோதரர்களை ஒடுக்க வந்த கம்பெனிக் கர்னல் அக்னியூவின் ஆட்கள் எங்கள் காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்கு மரத்தை வெட்டி வழி போட முயன்றார்கள். ஒரு மாதம் போல வெட்டியும் முடியாமல் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். அவ்வளவு அடர்த்தி. அந்தக் காட்டை நம்பித்தான் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் நின்றார். ஆனால் 1772இல் கம்பெனித் தளபதிகள் ஜோசப் ஸ்மித் ஒரு பக்கமும் பான்ஜோர் மறுபக்கமும் நெருக்கி வந்தார்கள். ஜூன் 25ஆம் நாள் அரசர் குண்டுபட்டு இறந்தார். இளைய ராணி கௌரி நாச்சியாரும் அங்கேயே மாண்டதாக ஊர் சொல்கிறது.

அன்றோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அரசர் இல்லை, ஆண் வாரிசு இல்லை, அரண்மனையில் நவாபின் கொடி, கருவூலம் அவர்கள் கையில். உங்களைப் போன்ற நிலையில் இருந்த எத்தனையோ மந்திரிகள் புது எசமானனிடம் போய்க் கணக்குச் சுவடியை ஒப்படைத்து, அதே வேலையில் அமர்ந்திருக்கிறார்கள். அதில் அன்று யாரும் குற்றம் கண்டிருக்க மாட்டார்கள். எந்த ஊரில் எத்தனை கண்மாய், எந்தக் கண்மாய்க்கு எத்தனை மடை, எந்த அம்பலக்காரர் எவ்வளவு கட்டுவார் என்பதெல்லாம் உங்கள் மனத்தில் இருந்தது. நவாபின் ஆட்களுக்கு உங்களைவிடத் தேவையான ஆள் சீமையில் இருந்திருக்க முடியாது. நீங்கள் போகவில்லை. முதிர்ந்த உடம்போடு வேலு நாச்சியாரையும் குழந்தை வெள்ளச்சியையும் மருது சகோதரர்களையும் கூட்டிக்கொண்டு மேற்கே நடந்தீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்த விருப்பாட்சி இன்றைய சாலையில் காளையார்கோவிலிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல். ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில், பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் மலைவாழைக்குப் பேர் போன ஊர். இடையில் மதுரை நவாபின் கையில் இருந்ததால் நேர்வழி உங்களுக்கு இல்லை. பாளையக்காரர் கோபால நாயக்கர் இடம் கொடுத்தார். அந்த ஊரை நீங்கள் தேர்ந்ததில் ஒரு பிரதானியின் மூளை தெரிகிறது. திண்டுக்கல் மைசூரின் ஐதர் அலி வசம். 1755இலேயே அவர் அங்கே பௌஜ்தாராக இருந்து, அந்த மலையையும் பாளையங்களையும் அறிந்தவர். நவாபின் குதிரைகள் எளிதில் நுழைய முடியாத இடம் அது. அதோடு ஐதரின் வாசலுக்கு வெகு பக்கம்.

இப்போது அந்த ஓலைக்கு வருகிறேன். அதே 1772இன் டிசம்பரில், அரசர் விழுந்து ஆறு மாதம் முடிவதற்குள், நீங்கள் ஐதர் அலிக்கு எழுதினீர்கள். ஐயாயிரம் குதிரை வீரர், ஐயாயிரம் காலாட்கள் வேண்டும் என்று கேட்டீர்கள்.

மனு எழுதிக் கொடுப்பது எனக்குப் பக்கத் தொழில். தாலுகா அலுவலகத்துக்குப் போகிறவர்கள் வழியில் என் மேசையருகே உட்காருவார்கள். வயதான ஒரு ஆச்சி வந்தால், எங்கப்பச்சி காலத்தில் என்று தொடங்குவார். யார் ஏமாற்றினார்கள், யார் வேலியைத் தள்ளிப் போட்டார்கள், எந்தத் தீபாவளிக்கு யார் பேசாமல் போனார்கள் என்று எல்லாம் வரும். பட்டா மாற வேண்டுமா, அளந்து கல் நட வேண்டுமா, வாரிசுச் சான்று வேண்டுமா என்பது மட்டும் வராது. இழந்தவர்களுக்கு இழப்பைச் சொல்லத்தான் வாய் வரும். என்ன வேண்டும் என்று கேட்கத் தெளிவு வேண்டும், கொஞ்சம் மானமும் வேண்டும். எத்தனையோ மனுக்களை எழுதிய அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் ஓலையில் நான் வியப்பது அந்தப் பத்தாயிரம் என்ற தொகையை. ஒரு பிடி நிலம் இல்லாத அரசியின் சார்பில், பிறர் கொடுத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் உண்ண உணவும் இருக்க இடமும் கேட்கவில்லை. மானியம் கேட்கவில்லை. ஒரு நாட்டின் மந்திரி இன்னொரு நாட்டு அதிபதியிடம் கேட்பதைப் போலப் படை கேட்டீர்கள், குதிரை இத்தனை, காலாள் இத்தனை என்று பிரித்துக் கேட்டீர்கள். சீமையைத் திரும்பப் பிடிக்க என்ன தேவை என்று அளந்து பார்த்த ஒருவர் மட்டுமே அப்படிக் கேட்க முடியும். சிவகங்கை என்ற நாடு அந்த ஆறு மாதம் எங்கே இருந்தது என்று யாராவது என்னைக் கேட்டால், அந்த ஓலையில் இருந்தது என்பேன்.

எழுதிய நேரமும் எண்ணிப் பார்க்கத் தக்கது. 1769இல் ஐதர் சென்னை வாசல் வரை வந்து கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர். ஒருவருக்கு ஆபத்தென்றால் மற்றவர் துணை வர வேண்டும் என்று பேச்சு. அடுத்த ஆண்டே மராட்டியர் மைசூரின் மேல் வந்தபோது கம்பெனி ஓர் ஆளைக்கூட அனுப்பவில்லை. அந்தக் கோபம் ஐதருக்கு ஆறவே இல்லை. மராட்டியரோடு அவர் சண்டையை முடித்துக்கொண்டது 1772இல். சண்டை முடிந்து, கோபம் சூடாக இருக்கும் நேரம் பார்த்து உங்கள் ஓலை போனது. நீங்கள் மதுரையிலிருந்து விரட்டியது மைசூர்ப் படையைத்தான் என்பது அவருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. பழைய பகையை நீங்களும் மறந்தீர்கள், அவரும் மறந்தார். இருவருக்கும் எதிரி ஒருவனே என்று ஆகிவிட்ட பிறகு அந்தக் கணக்கைத் திரும்பப் புரட்டுவதில் பயனில்லை என்று கண்டவர்கள் நீங்கள் இருவரும்.

படை உடனே வரவில்லை. மராட்டியரிடம் அடிபட்டு எழுந்திருந்த மைசூருக்கு மூச்சு வாங்க நேரம் தேவைப்பட்டது. வேலு நாச்சியார் விருப்பாட்சியிலும் திண்டுக்கல்லிலும் காத்திருந்தார். ஐதரை நேரில் கண்டு உருதுவிலேயே பேசினார் என்று சொல்வார்கள். மருது சகோதரர்கள் சீமைக்குள் போய் ஆள் திரட்டினார்கள். 1780இல் ஐதர் கம்பெனியோடு மறுபடி போர் தொடங்கிய ஆண்டில்தான் நேரம் வந்தது. மைசூர்ப் படையின் துணையோடு அரசி திரும்பி வந்து சிவகங்கையை மீட்டார். நீங்கள் கேட்டதற்கு விடை அதுதான். அதைக் காண நீங்கள் இல்லை. அதற்கு முன்பே உங்கள் காலம் முடிந்துவிட்டது. அரண்மனையில் பழைய கொடி ஏறியதை நீங்கள் பார்க்கவில்லையே என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

உங்களைப் போலவே, உழைத்ததின் பலனைப் பார்க்காமல் போன ஒருவரைப் பற்றி ஒருமுறை படித்தேன். ஐரோப்பாவில் செர்பியா என்று ஒரு நாடு. துருக்கிப் பேரரசுக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையில் நசுங்கிக் கிடந்து, 1804இல் கிளர்ந்தெழுந்தது. தலைவர் கராஜார்ஜே எழுதப் படிக்கத் தெரியாத மாவீரர். அவருக்குத் துணையாக தோசிதெய் ஒப்ராதோவிச் என்ற முதிய அறிஞர் எல்லை தாண்டி வந்து சேர்ந்தார், பள்ளிகளுக்கு வழி செய்தார், 1811இல் அந்த நாட்டின் முதல் கல்வி அமைச்சரானார், அதே ஆண்டு இறந்தும் போனார். 1813இல் துருக்கியர் அந்தக் கிளர்ச்சியை நசுக்கினார்கள். 1815இல் அது மறுபடி எழுந்தது. இவை இரண்டையும் அவர் பார்க்கவில்லை. பெல்கிரேடு நகரத்துப் பூங்கா ஒன்றில் கையில் தடியோடு நடந்து வருவது போல அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது. வாள் பிடித்தவர்களுக்குப் பக்கத்திலேயே எழுதியவருக்கும் அந்த மக்கள் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு கடனும் உங்களிடம் எங்களுக்கு உண்டு. எங்கள் வட்டாரத்து மிதிலைப்பட்டியில் குழந்தைக் கவிராயர் என்று ஒருவர் இருந்தார். உங்களையே தலைவனாக வைத்து ‘மான்விடு தூது’ பாடியவர். தூது என்றால் காதல் கொண்ட தலைவி, கிள்ளையையோ தென்றலையோ மானையோ தலைவனிடம் அனுப்பி, அவன் மார்பில் கிடக்கும் மாலையை வாங்கி வரச் சொல்வது. பெரும்பாலும் கடவுளுக்கும் அரசர்களுக்கும் பாடுவார்கள். அதை வரிக்கணக்கும் திறைக்கணக்கும் பார்க்கும் ஒரு பிரதானிக்குப் பாடினார் என்றால், அந்தக் கவிராயர் வீட்டை நீங்கள் எப்படித் தாங்கியிருப்பீர்கள் என்று தெரிகிறது. அந்த நூலை உ.வே. சாமிநாதையர் 1936இல் அச்சிட்டார்.

சாமிநாதையர் அந்த ஊருக்கு வந்த கதை அதைவிட முக்கியமானது. பழைய நூல்களைத் தேடி ஊர் ஊராக அலைந்த காலத்தில் மிதிலைப்பட்டிக்கும் வந்தார். அந்தக் கவிராயர் பரம்பரையின் வீட்டில் கிடைத்த ஏடுகளில் ஒன்று மணிமேகலை. 1898இல் அவர் மணிமேகலையைப் பதிப்பித்தபோது அந்த ஏடு பெரிதும் துணை நின்றது. ஓலை தானாக நூறாண்டுகள் வாழ்ந்துவிடாது. எண்ணெய் தடவ வேண்டும், மை பூச வேண்டும், இற்றுப்போகும் முன் புது ஓலை வாரி, படியெடுத்து எழுத வேண்டும். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தால்தான் அதையெல்லாம் செய்ய ஆள் இருப்பான். உங்களுக்கு முன்பும் பின்பும் அவர்களைக் காத்தவர்கள் உண்டு. நடுவே, நான்கு பக்கமும் சண்டை நடந்த காலத்தில், அந்தப் பொறுப்பை ஏற்றவர் நீங்கள். மணிமேகலையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் உங்கள் பெயரையும் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன்.

சீமையை மீட்ட பிறகு நீங்கள் வகித்த பிரதானிப் பொறுப்பு சின்ன மருதுவுக்குப் போனது. பெரிய மருது தளபதியானார். அவர்கள் இருவரும் கட்டிய காளையார்கோவில் பெரிய கோபுரம் இன்றும் நிற்கிறது. கம்பெனியோடு கடைசிச் சண்டை மூண்டபோது, 1801 ஜூன் 16ஆம் நாள், சின்ன மருது ஓர் அறிக்கை எழுதித் திருச்சிக் கோட்டை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டச் செய்தார். இந்த நாட்டில் உள்ள எல்லாச் சாதியாரும் எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து எழ வேண்டும் என்று கேட்ட அறிக்கை அது. படை நடத்தத் தெரிந்த ஒருவர், எழுதிக் கேட்பதும் ஆயுதம்தான் என்று உணர்ந்திருக்கிறார். விருப்பாட்சியில் நீங்கள் ஓலை எழுதிய நாட்களில் உங்களோடு இருந்தவர் அவர். அந்தப் பாடத்தை அவர் உங்களிடம் கற்றார் என்றே நான் நம்புகிறேன். அந்த ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் இரண்டு பேரையும் தூக்கிலிட்டார்கள்.

இன்று காலை ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினேன். அண்ணன் தம்பி மூன்று பேர், பழைய வீடு ஒன்று, இரண்டு கட்டும் ஒரு கிணறும். வழக்கம்போல மாவட்டத்தின் பெயரில் தொடங்கினேன். அந்தப் பெயருக்காகவும் அந்த ஓலைக்காகவும் கவிராயர் வீட்டு அடுப்புக்காகவும் உங்களுக்கு நன்றி, ஐயா.

இப்படிக்கு,
தங்கள் சீமையைச் சேர்ந்த
காரைக்குடிப் பத்திர எழுத்தர்